கடைசித் தெரு

திருச்சிக்கு அருகிலுள்ள ஒரு சிறு நகரத்தில் நான்கு முறை நகராட்சித் தலைவராக இருந்தவர் அந்த அம்மா. தேர்தலில் தோற்ற சில மாதங்களில், ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தார். வழியில் தெரிந்த ஒவ்வொரு சாக்கடையையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“எப்படிம்மா தோத்தீங்க?” என்று கேட்டேன்.

“ஊருக்கெல்லாம் சாக்கடை கட்டினேன். சொந்தத் தெருவுக்கு முதல்ல செஞ்சா நல்லா இருக்காதுன்னு எங்க தெருவைக் கடைசியா வச்சேன். எங்க தெரு ஓட்டுதான் எனக்கு விழல.”

“வருத்தமா இல்லையா?”

“எதுக்குங்க? புதுத் தலைவர் இப்ப அங்க வேலைய ஆரம்பிச்சுட்டாரு. தண்ணி தேங்காம ஓட வாட்டம் சரியா வைக்கச் சொல்லிட்டுத்தான் வரேன்.”

அவர் எங்கள் தெருக்காரராக இருந்திருந்தால், நான் அவருக்கு ஓட்டுப் போட்டிருப்பேனா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.