என் கணக்கில் விழுந்த உரக்காசு

எனக்கு வயல் இருக்கிறதே தவிர, அதன் வரம்பில் கால் வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படுவான்கரையில் மூன்று ஏக்கர்; கலியாணத்தின்போது அம்மா சீதனமாக எழுதித் தந்தது. எங்கள் பக்கத்தில் காணி பெண்ணுக்குத்தான். நான் மட்டக்களப்பில் படிப்பித்தேன். வயலைக் குத்தகைக்குச் செய்தவர் வாவிக்கு அப்பால், அந்தப் படுவான்கரையிலேயே இருந்தார். அவருக்கு நான் "டீச்சர்", எனக்கு அவர் "அண்ணன்". அறுவடை முடிந்ததும் குத்தகை நெல்லோடு, கேட்காமலே ஒரு பை புது அரிசியும் கொண்டுவந்து வைப்பார்.

இந்தப் பெரும்போகம் நெல் குறைந்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

"உரம் ஒழுங்காப் போட்டீங்களா?"

"போட்டன் டீச்சர். ஆனா காணாது."

"அரசாங்கம் உரக்காசு குடுக்குதுதானே? அத என்ன செய்தீங்க?"

அவர் முற்றத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடித்துத் தீர்த்திருப்பார் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். வாற போகம் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்றும் சொன்னேன். "சரி டீச்சர்" என்று போய்விட்டார்.

அடுத்த கிழமை வங்கிக்குப் போனேன். ஓய்வூதியம் வருவது வேறு கணக்கு. இது நான் நெடுநாளாய்ப் பதியாமல் வைத்திருந்த சேமிப்புப் புத்தகம். புத்தகத்தைப் பதிந்து தந்த பிள்ளை என்னிடம் படித்தவள்.

"டீச்சர், இதில உர மானியம் விழுந்திருக்கு. போன போகமும் விழுந்திருக்கு."

"பிழையா இருக்கும் பிள்ளை."

"பிழை இல்ல டீச்சர். உங்கட வயலுக்குத்தான் வந்திருக்கு."

பக்கத்தில் கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது. நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன், காணிக்காரரின் கையெழுத்து வேண்டும் என்று அவர் ஒரு நாள் உர மானியப் படிவம் கொண்டுவந்தார். நான் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "பயிர்செய்பவர்" என்ற இடத்தில் என் பெயரையும் என் கணக்கிலக்கத்தையும் விறுவிறுவென்று எழுதிக் கொடுத்தவள் நானேதான். கேள்வியை இரண்டு தரம் வாசியுங்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளின் உயிரை வாங்கியவள்! பக்கத்தில் நின்ற அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு சொல் பேசவில்லை.

காசை எடுத்துக்கொண்டு நேரே ஓட்டோவில் பாலத்தைக் கடந்தேன். அவர் வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், இது உங்கட காசு. நான்தான் பிழையா எழுதிற்றன். ஏன் ஒரு வார்த்தை கேக்கல்ல?"

"கேட்டா வயல் போயிருமோ எண்டு பயம் டீச்சர். மனிசிர காதுத் தோட்ட அடகு வச்சுத்தான் அரைவாசி உரமெண்டாலும் எறிஞ்சன்."

பயமா? என்னிடமா? அவரோ காசை விரித்த கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"கணக்குத் தீத்திட்டீங்க. அப்ப வயல ஆருக்குக் குடுக்கப் போறீங்க?"

"உங்களுக்குத்தான் அண்ணன்" என்றேன். மூன்று தரம் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பினாரோ தெரியாது.

நான் ஏறும்போது அவருடைய மனைவி ஓடிவந்து, வெறுங்காதோடு, ஒரு பை புது அரிசியை ஓட்டோவுக்குள் வைத்தாள். இத்தனை வருடமும் அதைப் பாசம் என்று நினைத்துத்தான் பொங்கிச் சாப்பிட்டேன்.