கையில கொண்டு, சார்

நாலைந்து வருடம் இருக்கும். ஈஸ்டர் கழிந்து வந்த ஒரு சனிக்கிழமை, பனச்சமூடு பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கால்பந்து இறுதிப்போட்டி. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்திலிருந்து எங்கள் ஊர் அணி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்நாட்டு அணி. நான் கோட்டோரம் கொடி பிடிக்கப் போயிருந்தேன். காரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை எனக்கு. கல்லூரி அணியில் ஆடியவள், கல்யாணத்துக்குப் பிறகு பிடிவாதமாக நடுவர் தேர்வு எழுதித் தேறியவள்.

நடுவர் விஷயத்தில் எங்கள் ஆட்களைத் திருப்திப்படுத்தவே முடியாது. திருவனந்தபுரத்திலிருந்து குழு வந்தால், தொட்டதுக்கெல்லாம் விசில் ஊதி ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள் என்பார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தால், காலை ஒடித்தாலும் ‘ஆடு, ஆடு’ என்று விட்டுவிடுகிறார்கள் என்பார்கள். தோற்றவனுக்கு எந்தக் குழுவும் கள்ளக் குழுதான். அதனால் இந்தப் போட்டிக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நடுவில் விசில் ஊத இரண்டு பக்கமும் சேராத வெளியூர்க்காரர், கொடி பிடிக்கப் பக்கத்துக்கு ஒருவர். அந்த வருடம் விசிலுக்கு மதுரையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எங்கள் பக்கத்துக் கொடி எனக்கு.

ஆட்டம் தொடங்கும் முன்பே வில்லங்கம். எங்கள் அணியின் கேப்டன் என் கூடப்பிறந்த தம்பி. அது தெரிந்ததும் எதிரணிக்காரர்கள் என்னை மாற்றியே ஆகவேண்டும் என்று நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் அங்கே இல்லாதது போல என்னைப் பற்றிப் பேசியதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மதுரைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, தம்பி தப்பு செய்தால் கொடி உயருமா என்று கேட்டார். உயரும் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. இவங்கதான் நிப்பாங்க என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். என் ஒரு சொல்லை நம்பித் தன் பெயரைப் பணயம் வைத்திருக்கிறார் என்பது மைதானத்தில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எதிரணிக்காரன் ஒருவன் கோலைப் பார்த்து ஓங்கி அடித்தான். தம்பி குறுக்கே பாய்ந்தான். விரித்த கையில், முழங்கைக்குக் கீழே, பந்து பட்டுத் திரும்பியது. நடுவருக்கு அவன் முதுகுதான் தெரிந்திருக்கும். எனக்கு நன்றாகத் தெரிந்தது. யோசிக்கவெல்லாம் இல்லை, கொடி உயர்ந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். எதிரணிக்கு ஆஃப்சைடு கொடுத்துவிட்டேன் என்று நினைப்பு. நடுவர் ஓடி வந்து என்ன என்று கேட்டார்.

“கையில கொண்டு, சார்.”

எங்கள் பக்கம் ‘கொண்டு’ என்றால் பட்டது என்று அர்த்தம். கல் காலில் கொண்டு, பந்து கையில் கொண்டு என்போம். மலையாளத்திலும் அப்படித்தான். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மதுரைக்காரருக்கோ அது பாதிப் பேச்சு. மீதி வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“கையில கொண்டு?”

“ஆமா சார், கையில கொண்டு.”

“கொண்டு என்னம்மா செஞ்சான்?”

சுற்றிலும் ஆட்டக்காரர்கள், வெளியே ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘பட்டது’ என்கிற சாதாரண வார்த்தை என் நாக்குக்கு வரமாட்டேன் என்கிறது. வழக்கமாக இதையெல்லாம் நடுவரும் கொடி பிடிப்பவரும் காதோடு காதாகப் பேசி முடித்துவிடுவார்கள். திட்டு பெரும்பாலும் விசில் ஊதுகிறவருக்குத்தான் போகும். அன்று எனக்கு அந்த மறைவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் என் கையில் முழங்கைக்குக் கீழே படபடவென்று தட்டிக் காட்டி, பெனால்டி அடிக்கும் இடத்தை நோக்கிக் கொடியை நீட்டினேன். மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. கைதட்டல் நின்றது.

பெனால்டி கோலானது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

கடைசி விசில் ஊதியதும் எங்கள் ஆட்கள் என்னை வளைத்துக்கொண்டார்கள். எல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய முகங்கள். சர்ச்சில் எங்களுக்கு அடுத்த பெஞ்சில் உட்காருகிற ஒருவர், கூடப்பிறந்தவனுக்கே குழி வெட்டியவள் என்றார். கண்டது உண்மையென்றால் அந்த மதுரைக்காரனிடம் அவ்வளவு நேரம் என்ன பேரம் பேசினாய் என்றார் இன்னொருவர். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனும் திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன். பெனால்டி கொடுத்தபோது அவன் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இப்போது என் பக்கத்தில் வந்து, எல்லோருக்கும் தெரியும்படி கையை நீட்டினான். பந்து பட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது.

“எனக்க கையில கொண்டதாக்கும். அக்கா கண்டா, கொடிய பொக்கினா. இனி அவள ஆராவது வல்லதும் சொன்னா, இந்த டீமுல நான் இல்ல, கேட்டியளா.”

முனகிக்கொண்டே கூட்டம் கலைந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற நடுவர் அருகில் வந்து, நீங்கள் சொன்னதற்கு அர்த்தம் உங்கள் தம்பி சொன்ன பிறகுதான் முழுசாக விளங்கியது என்று சிரித்தார். கோப்பை கொடுக்கிற இடத்துக்கு அவரும் கொடி பிடித்த இரண்டு பேருமாக நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம். எப்போதும் விசில் ஊதுகிறவர்தான் நடுவில் நடப்பார். அன்று அவர் விலகிக்கொண்டு என்னை நடுவில் நடக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ நடுவர் குழுக்களோடு கொடி பிடித்துவிட்டேன், இப்போது நானே விசிலும் ஊதுகிறேன். நல்ல முடிவு கொடுத்தாய் என்று பெரியவர்கள் பாராட்டியதும் உண்டு. ஆனால் தோற்ற கேப்டனாகச் சொந்த ஊர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றானே, அவனுக்கு அக்காவாகப் பிறந்தேன் என்கிற பெருமைக்குப் பக்கத்தில்கூட அதெல்லாம் வராது.