நெட் மாற்றினோம், பில் புரோகிராம் படுத்துக்கொண்டது

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, வாய் பேசாத நோயாளியைத் தொடுவதற்கு முன்பே, வாய் மூடாத உறவினர்களிடம் நோயைக் கேட்டறியும் தொழில். திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்தபடியே டிபன் டப்பாவைக் காலிசெய்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நாமெல்லாம் ஒரே வார்டு.

பக்கத்து அறை

விருத்தாசலத்தில், மின்கம்பத்துக்கான பீங்கான் சாமான் செய்யும் கம்பெனி அது. ஸ்டாக், பில் எல்லாம் முதலாளி அறைக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. முன்னறையில் இருக்கும் ஸ்டெல்லா, தன் கம்ப்யூட்டரிலிருந்து அதைத் திறந்து பில் போட வேண்டும். நெட் கம்பெனியை மாற்றியதிலிருந்து அவரிடம் புரோகிராம் திறக்க ஒரு யுகம் ஆகிறது. திறந்துவிட்டால் ஓட்டம்தான். ஆனால் முதலாளி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டெல்லா கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து அந்த நாற்காலிக்கு வேறு பெண்ணை வரச் சொல்லிவிட்டார் முதலாளி.

அறைக்கும் அறைக்கும் ஓடும் ஒயர் வேறு, வெளியிலிருந்து வரும் நெட் வேறு என்று அவருக்கு விளக்கினேன். விளக்குவதில் எனக்கு ஒரு சபலம் உண்டு. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புது நெட்டுல என் செல்லுல படம் பிச்சுக்கிட்டு ஓடுது தம்பி. அப்போ ஸ்லோவா இருக்கறது அந்தப் பொண்ணுதான்."

ஆஃப் பண்ணி ஆன் பண்ணு

சனிக்கிழமை. லோடு ஏறிவிட்டது, பில் இல்லாமல் லாரி நகராது. நெட் கம்பெனி ஆள் வந்தார், தன் செல்லில் நெட் வேகம் காட்டும் முள்ளை எல்லோருக்கும் காட்டினார், ரூட்டரை அணைத்துப் போட்டார், போய்விட்டார். நானும் என் பங்குக்குக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். "இதைத்தாண்ணா நான் டெய்லி காலைல பண்றேன்" என்றார் ஸ்டெல்லா. பெண்ணாடத்து லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்: "எங்க ஊரு மில்லு வாசல்ல கடைசியா நின்ன கரும்பு டிராக்டருகூட இந்நேரம் எடை போட்டு வூட்டுக்குப் போயிருக்குங்க!"

பொட்டு வைத்த பெட்டி

இதைத் தீர்க்காமல் டீ குடிப்பதில்லை என்று உட்கார்ந்தேன். ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டர் யாரிடம் வழி கேட்கிறது என்று பார்த்தால், புது ரூட்டரிடம் இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முதலாளி அறை அலமாரியின் மேல், சந்தனம் குங்குமத்தோடு, பழைய கம்பெனியின் ரூட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சது தம்பி. அடுத்த பூஜை வரைக்கும் அணைக்கக் கூடாதுன்னு எங்க வூட்ல சொல்லிட்டாங்க" என்றார் முதலாளி.

விஷயம் இதுதான். "முதலாளி கம்ப்யூட்டர் எங்கே?" என்று முன்னறைக் கம்ப்யூட்டர் முதலில் இந்தப் பெட்டியைத்தான் கேட்கும். முன்பெல்லாம் இது வெளியே விசாரித்து, "தெரியாது" என்று உடனே சொல்லிவிடும். முன்னறை தானே தேடிக்கொள்ளும். இப்போது பழைய கம்பெனியின் லைன் செத்துவிட்டதால், "தெரியாது" என்று சொல்லவும் ஆளில்லை. காத்திருந்து அலுத்த பிறகுதான் பக்கத்து அறைக்குக் குரல் கொடுக்கிறது.

பெட்டியின் நெட்வொர்க் ஒயரை மட்டும் உருவினேன், விளக்கு எரியட்டும். ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டரை, இந்த முறை காரணத்தோடு, அணைத்துப் போட்டேன்: இனி அது புது ரூட்டரிடம்தான் வழி கேட்கும். தொட்டதும் புரோகிராம் திறந்தது. பில் வந்தது, லாரி கிளம்பியது.

முதலாளி விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். "திங்கக்கிழமை வரச் சொன்ன பொண்ணுக்கு நீங்க சொல்றீங்களா, நானே சொல்லிடட்டுங்களா?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

விட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வந்தது: "நம்பரு தரேன், நீயே பேசிடும்மா."

அந்தப் பழைய ரூட்டர் இன்றும் அலமாரி மேல் பொட்டோடு, யாருக்கும் பதில் சொல்லும் கடமையில்லாமல் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழிலில் இதைவிட உயர்ந்த பதவியை நான் பார்த்ததில்லை.