சேதியைப் பிடித்து வைக்கும் சிவப்பணு

"…சிவப்பணு மேல இருக்குற அந்தக் கை எனக்கும் அக்காளுக்கும் ஒண்ணு போலதான இருக்கு? பெறகு ஏன் மேடம் என் ரத்தம் வேணாங்கிறீக?" என்றார் என் மனைவியின் தம்பி.

ராமநாதபுரத்தில் ரத்த வங்கி சன்னல் முன்னால் நின்றிருந்தோம். மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பொருந்திய ரத்தம் கிடைத்தால்தான் ஆபரேஷன். இரண்டாம் பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தில் அந்தக் 'கை' வேறு மாதிரி இருந்ததாம். அன்றிலிருந்து அவள் உடம்பு அந்த மாதிரியை அடையாளம் கண்டு எதிர்க்கிறது.

சோதனை செய்த பெண் அதை ஏற்பி என்றார். உடம்பில் எங்கே புண் வந்தாலும் சேதி சொல்லச் சில புரதங்கள் கிளம்பும். சிவப்பணுவின் மேலிருக்கும் ஏற்பி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். நான் பிறகு தேடிப் படித்து வாயடைத்துப் போனேன். எலும்பு மஜ்ஜைக்குள் அணு முதிரும் முன்பே, பின்னால் உதிர்ந்துவிடும் உட்கரு இருக்கும்போதே, அது முளைத்துவிடுகிறது. முதிர்ந்த அணுவில் இருப்பதைவிட இளசில்தான் அதிகம். எங்கள் கடலில் ஒரு படகு வயர்லெஸ்ஸில் கேட்டது கரை சேருமுன் ஊருக்கே தெரியும். இதுவோ கேட்டதை உள்ளே சொல்வதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. இதை எழுதும்போதும் என் எலும்புக்குள் அது நடக்கிறது என்று நினைத்தால் புல்லரிக்கிறது.

அதே ஏற்பியைப் பிடித்துத்தான் எங்கள் தீவின் மலேரியாக் கிருமியும் அணுவுக்குள் ஏறுகிறதாம். மச்சினருக்குப் போன மாதம் அந்தக் காய்ச்சல். நடுக்கம் நின்றது, கடலுக்குப் போக மீன்துறையின் அனுமதி டோக்கன் கிடைத்தது, பாதி மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டுப் படகேறிவிட்டார். "காச்ச விட்டா மாத்திரை எதுக்கு" என்பது கரையில் எல்லோரும் சொல்வதுதான். கிருமி ஈரலில் பதுங்கியிருக்கும், அவர் ரத்தம் ஆகாது என்றார் அந்தப் பெண்.

"கூடப்பொறந்தவுக வேற யாரும் உண்டா? அவுக ரத்தம் ஒத்துப்போகலாம்."

மச்சினருக்குப் பாம்பனில் ஓர் அண்ணன் இருக்கிறார். அவர்கள் அய்யாவின் படகைப் பங்கு பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கோயிலிலும் எதிரெதிர் வரிசை. 'தானாடாவிட்டாலும் தன் சதையாடும்' என்று மனைவி சொல்லும்போதெல்லாம் இவர், "அந்தாளு நம்பரையே அழிச்சுட்டேன்" என்பார்.

நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"போன குடுங்க மச்சான்."

வாங்கினார். நம்பரைத் தேடவில்லை, என்னிடம் கேட்கவுமில்லை. மனப்பாடமாக அடித்துக் காதில் வைத்தார்.

"அண்ணே, நாந்தேன்."