எருப் போட்ட மூலை

மூன்று சாக்கு ஆட்டெரு. ஒஸ்லோத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள தீவொன்றில், ஓர் ஆவணி மாலை, புருசெத் அண்ணை அவற்றைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டேன். முகமெல்லாம் சந்தோஷம். என்ன ஏது என்று கேட்க எனக்கு அலுப்பாக இருந்தது. படகுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சத்தம் வைத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில கோடைகளில் நாங்கள் இருவரும் அங்கே புல்லறுக்கப் போனோம். அண்ணை ஒஸ்லோவில் புருசெத் என்ற பகுதியில் இருந்தார். ஊரில் புகையிலைத் தோட்டம் செய்தவர். நான் குரோருட் பகுதியில் இருந்தேன். எனக்கு நோர்வேஜிய மொழி தெரிந்தபடியால், அங்கே எங்களை வேலை வாங்கிய பொறுப்பாளர் அம்மா சொல்வதை அவருக்குத் தமிழில் சொல்வதும் என் தலையில் விழுந்தது. அது பாதுகாக்கப்பட்ட சுண்ணாம்புக்கல் புல்வெளி. ஒரு காலத்தில் அங்கே கல்லுடைத்துச் சூளை வைத்தார்கள், மாடு மேய்த்தார்கள், மாரிக்கென்று புல் வெட்டிக் காயவைத்தார்கள். அதெல்லாம் நின்றதும் பற்றை ஏறிவிட்டது. வருடந்தோறும் புல்லை வெட்டி அகற்றினால்தான் திராகெஹூடெ என்கிற நீலப்பூ பிழைக்கும். அந்தப் பூவை விட்டால் போக்கிடமில்லாத சின்னக் கறுப்பு வண்டும் பிழைக்கும். மண் பட்டினி கிடக்கவேண்டும், அதில் ஒன்றும் போடக்கூடாது என்று பொறுப்பாளர் அம்மா முதல்நாளே நீளமாக விளக்கினார். நான் அண்ணையிடம் சொன்னது இவ்வளவுதான்: "வெட்டினதை முழுக்க அள்ளிப் படகடிக்குக் கொண்டுபோகட்டாம்." விடியப்புறம் எழும்பி வந்தவளுக்கு மொழிபெயர்ப்பு வேறா என்ற எரிச்சலில் மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

"இதுவும் எங்கடை ஊர் மாதிரிச் சுண்ணாம்புக்கல்லு நிலம்தான், பிள்ளை. கொஞ்சம் எருக் காட்டினால் பூ இந்த உயரத்துக்கு வரும்" என்று அண்ணை படகில் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு "ஓம்" போட்டேன்.

அடுத்த ஆனியில், அண்ணை எருப் போட்ட மூலையில் புல்லும் தொட்டால் அரிக்கிற காஞ்சொண்டியும் இடுப்பளவு நின்றன. பூ ஒன்றுமில்லை. பொறுப்பாளர் அம்மா குந்தியிருந்து பூதக்கண்ணாடியால் வண்டைத் தேடினார். வெகுநேரம் கழித்துக் கண்ணாடியைப் பைக்குள் வைத்துவிட்டு, எரு போட்டது யாரென்று கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான்தான் போட்டனான். நல்லதெண்டு நினைச்சன். மன்னிக்கச் சொல்லு, பிள்ளை" என்றார் அண்ணை. அதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு கோடையும், வேலை இல்லாத ஞாயிறுகளிலும், அவர் அங்கே முழந்தாளிட்டுக் காஞ்சொண்டி பிடுங்கினார். கையெல்லாம் தடித்துப்போகும். "படிக்காதவன், பிள்ளை. கேட்டுச் செய்திருக்கவேணும்" என்பார். "விடுங்கோ அண்ணை" என்பேன்.

அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இன்னும் புல்லள்ளுகிறேன். முதுகு முன்னைப்போல் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மண் ஏன் பட்டினி கிடக்கவேண்டும் என்பதுவரை சொல்கிறேன். அவர்களுக்கு அலுக்கிறது. அலுக்கட்டும். அண்ணையிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ படகுப் பயணங்கள் இருந்தன. கண்மூடும்வரை அது தன் பிழை என்றே அவர் நம்பினார். நான் நம்ப விட்டேன்.