பெண்ணாடம் போய்வந்த ரிமோட்

எங்கள் வீட்டு டிவி ரிமோட் தினமும் பஸ் ஏறிப் பெண்ணாடத்துக்கு வேலைக்குப் போய் வந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முப்பது வயதை நெருங்கிவிட்டேன். இன்றைக்கும் யாராவது ஒரு ஆண் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விருத்தாசலத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில்தான் குடும்பம் நடத்தினார்கள். வீடு பெரியப்பா பெயரில் இருந்தது. டிவியும் அவர் வாங்கியது. இந்த இரண்டையும் அவர் யாரையும் ஒரு நாளும் மறக்கவிட்டதில்லை. டிவி, அதற்குக் கீழ்த்தட்டில் செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டிகள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக நான்கு ரிமோட்டுகள் இருந்தன. நான்கும் நாற்காலி இடுக்கிலும் தலையணைக்கு அடியிலும் கிடக்கும். யார் கைக்கு எது கிடைக்கிறதோ அவர்கள் அதை அழுத்துவார்கள். வீட்டில் ஒரு சமத்துவம் இருந்தது என்றால் அது அந்த நான்கு ரிமோட்டுகளால்தான்.

ஒரு நாள் பெரியப்பா மங்கலம்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையிலிருந்து யுனிவர்சல் ரிமோட் என்று ஒன்றை வாங்கி வந்தார். நான்குக்கும் அது ஒன்றே போதுமாம். கூடவே ஒரு சின்னத் தாள் இருந்தது. அது முழுக்கப் பொடிப்பொடியாக எண்கள். ஐந்தாம் வகுப்பு படித்த நான் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, அவர் ரிமோட்டில் அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் எண்ணுக்கு டிவி அணையும். இன்னொன்றுக்கு ஸ்பீக்கர் அலறும். மூன்று மணி நேரம் தொண்டை காய வாசித்தேன். கடைசியில் நான்கு சாமானும் ஒரே ரிமோட்டுக்கு அடங்கியபோது பெரியம்மா பெரியப்பாவைத்தான் பாராட்டினார்.

பழைய ரிமோட்டுகளை அவர் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலை புது ரிமோட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, சர்க்கரை ஆலை வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

“வூட்டுல வச்சிட்டுப் போனா ஆளுக்கு ஒரு பக்கம் அமுக்கி நாசம் பண்ணிடுவீங்க” என்றார்.

அன்றிலிருந்து பகலில் டிவியைப் போட்டால் ஒரே ஒரு சேனல்தான் வரும். செட்டாப் பாக்ஸ் கண் விழித்ததும் தானாகப் போய் நிற்கும் அந்தச் சேனலில் ஓர் ஆள் குக்கர் விற்றுக்கொண்டிருப்பான். வேறு சேனலுக்கு மாற்றப் பெட்டியில் பொத்தான் எதுவும் கிடையாது. சீரியல் பைத்தியமான பெரியம்மா ஒரு மாதம் அந்தக் குக்கர்க்காரனையே பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவர்கள் இப்படிக் கேட்காமலே இருந்ததுதான் எனக்கு ரிமோட்டைவிட அதிக ஆத்திரத்தைக் கொடுத்தது.

அந்தச் சமயத்தில் அப்பா படுக்கையில் இருந்தார். கம்மாபுரம் ரோட்டில் அவருடைய லோடு ஆட்டோ கவிழ்ந்து காலில் கம்பி வைத்திருந்தார்கள். அதனால் அம்மா பொம்மை செய்யும் செராமிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியப்பா அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

“பொம்பளைங்களோட உக்காந்து பொம்மைக்குக் கண்ணு எழுதுற வேலைன்னா போவட்டும். சூளைப் பக்கம் ஆம்பளைங்க கூட நின்னு மூட்டை தூக்குறான்னு என் காதுல வுழுந்துது, மறுநாளே நிப்பாட்டிடுவேன்.”

அப்பா படுத்தபடியே தலையாட்டினார். அம்மா, “கண்ணு எழுதுற வேலைதாங்க மாமா” என்றாள்.

சாயங்காலம் வந்ததும் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள். நான் அவள் வலது தோளில் தைலம் தேய்ப்பேன். தோள்பட்டையில் பலகை அளவுக்குக் கன்றிப்போயிருக்கும். கண் எழுதி எழுதித் தோள் வலிக்கிறது என்பாள். நானும் நம்பினேன். சின்னச் சின்னக் கண்ணாக எழுதினால் வலிக்கத்தானே செய்யும்? அவள் நக இடுக்கில் பெயிண்டு இருந்ததே இல்லை, மண்தான் இருந்தது என்பதையும் நான் யோசிக்கவில்லை. சில நாள் எனக்கு விளையாட ஓர் உருண்டை மண் கொண்டு வருவாள். கறுப்பு மண். சூளையில் வெந்தால்தான் வெளுக்கும்.

கொலு நெருங்கியபோது உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள் பொம்மை செய்வதைப் படம் பிடிக்க அந்தக் கம்பெனிக்கு வந்து போனார்கள். அம்மா அதை வீட்டில் சொல்லவே இல்லை. அவளோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னைக் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் போடுறாங்க. உங்கம்மாவ நெறைய எடுத்துருக்காங்க, பாரு.”

வீடு வரைக்கும் ஓடினேன். பெரியப்பா, பெரியம்மா, அப்பா எல்லோர் முன்னாலும் மூச்சு வாங்கச் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

“அப்படியா? ஞாயித்துக்கிழமை எனக்கும் லீவுதான். என்னா வேலை செய்யறான்னு நானும்தான் பாக்கறேன்” என்றார் பெரியப்பா.

அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் விடாமல் சொன்னேன். எங்கள் தெருவில் எம்.எல்.ஏ.வைத் தவிர டிவியில் வந்த ஆள் யாரும் இல்லை. அவரும் ஓட்டுக் கேட்டு வந்த அன்றைக்கு மட்டும்தான் எங்கள் தெரு. அம்மாவின் முகம் அந்தக் கண்ணாடிக்குள் வரப்போகிறது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா கொல்லைப் பக்கம் போயிருந்தபோது ரிமோட்டை எடுத்தேன். உள்ளூர் சேனல் எத்தனையாவது எண் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு எண்தான் அழுத்தியிருப்பேன். அவர் பின்னால் வந்து ரிமோட்டைப் பிடுங்கி அதாலேயே என் தலையில் ஒன்று போட்டார்.

“ஒங்கப்பன் வாங்கிக் குடுத்ததா?” என்றார்.

அப்பா மூன்றடி தூரத்தில் கட்டிலில் இருந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தலை வலித்தது உண்மைதான், ஆனால் நான் அழுதது அதற்காக இல்லை. பெரியப்பா உள்ளே போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு என் விளையாட்டு மண்ணில் ஒரு கடுகளவு கிள்ளினேன். செட்டாப் பாக்ஸின் முகத்தில் ரிமோட் வெளிச்சத்தை வாங்கும் சின்னக் கண் ஒன்று இருக்கும். எண் வாசித்த அன்றைக்கே எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். சுண்டுவிரல் நுனியால் அதன் மேல் மண்ணை அப்பினேன். கறுப்புப் பெட்டியில் கறுப்பு மண் தெரியவே இல்லை.

அன்றைக்குப் பெரியப்பா பட்ட பாட்டைப் பார்க்கக் கண் போதவில்லை. ரிமோட்டைத் தட்டினார், உதறினார், பேட்டரியை உருட்டினார், கழற்றிக் கடித்துப் பார்த்துத் திரும்பப் போட்டார். கிரிக்கெட் வரவில்லை. குக்கர்தான் வந்தது. ஒரு மாதமாகப் பெரியம்மா பார்த்ததை அவரும் ஒரு மணி நேரம் பார்த்தார்.

ஞாயிறு காலை எழுந்ததுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மா வரும் நேரத்தில் சேனல் மாறாமல் போனால் என்ன செய்வது? யாரும் இல்லாதபோது ஊக்கை எடுத்து மண்ணைச் சுரண்டினேன். எச்சில் தொட்டுப் பாவாடையால் துடைத்தேன். திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

“என்னாடி பண்ற?”

பொய் சொல்ல வரவில்லை. நகத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. குனிந்து அந்தச் சின்னக் கண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இத மூடுனா சேனல் மாறாதா?” என்று கேட்டாள். மாறாது என்றேன். “போய்க் கைய கழுவு” என்றாள்.

பத்து மணிக்குப் பெரியப்பா ரிமோட்டை அழுத்தினார், சேனல் மாறியது. பேட்டரியைக் கடித்ததால் சரியானது என்று எல்லோருக்கும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாலு பேர் வந்து போகும் இடம் என்று சொல்லி அம்மா டிவி அலமாரியைத் துடைத்தாள். மூன்றரைக்கே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு ரிமோட்டை நீட்டினார். டிவி வந்தது. ஸ்பீக்கர் வந்தது. குக்கர் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

மறுபடியும் தட்டினார், கடித்தார். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். குக்கர். நான் பெட்டியைப் பார்க்க எழுந்தேன்.

“டிவி பக்கம் வந்தா கைய ஒடச்சிடுவேன், உக்காரு!” என்றார்.

“பழைய ரிமோட்ட எடுங்க பெரியப்பா!”

அவர் சாவி தேடிப் பீரோவைத் திறந்து, பழைய ரிமோட்டுக்குப் பேட்டரி போட்டு முடிப்பதற்குள் நாலேகால். அதுவும் வேலை செய்யவில்லை. கேபிள்காரருக்குப் போன் போட்டார். நாளைக்கு வருகிறேன் என்று பதில். எதிர்வீட்டில் போய்ப் பார்க்கலாமே என்றார் ஒரு பெண். அடுத்தவன் வீட்டு டிவியை நான் போய்ப் பார்க்கவேண்டுமா என்று பெரியப்பா அவரிடம் பாய்ந்தார். நான் மட்டும் வாசலுக்கு ஓடினேன். அம்மா என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். அவள் பிடி அவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“போவாத. எங்கூடவே இரு.”

“வுடும்மா! நீ வர்றது முடிஞ்சிடும்மா!”

அவள் விடவில்லை. பெரியப்பாவைப் பார்த்துக் கத்தினேன். “எல்லாம் உங்களாலதான்! நாலு ரிமோட்டு நல்லாதான் இருந்துது! ஊரே எங்கம்மாவப் பாக்குது, நாங்க மட்டும் குக்கரு பாக்கறோம்! உங்க ரிமோட்ட நீங்களே பெண்ணாடத்துக்கு எடுத்துக்கினு போயி வச்சிக்கோங்க!”

அப்பா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து வந்தார். என் பக்கம் பேசத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை. தலையில் ரிமோட் விழுந்தபோது சுவரைப் பார்த்த மனிதருக்கு, அண்ணனை எதிர்த்துப் பேசியதும் காலில் வலு வந்துவிட்டது. இருபது வருடம் ஆகப்போகிறது. இதை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கேபிள்காரர் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். காய்ந்த மண்கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது.

“யாரோ மண்ண வச்சி அடச்சிருக்காங்க சார்” என்றார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். முந்தின நாள் கத்தியவள் நான். வீட்டில் மண் வைத்து விளையாடுபவளும் நான். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். சரியாகச் சுரண்டவில்லை போலிருக்கிறது, அம்மா டிவியில் வந்ததை நானே பார்க்கவிடாமல் கெடுத்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது. பெரியப்பா கையை ஓங்கினார். அம்மா ஓடிவந்து குறுக்கே நின்றாள். அவர் அடி அவளுடைய வலது தோளில் விழுந்தது.

“சின்னப் புள்ள, வுடுங்க மாமா” என்று மட்டும் சொன்னாள்.

அந்த நிகழ்ச்சியை அவர்கள் மறுபடி ஒளிபரப்பவில்லை. பார்த்தவர்கள் யாரும் பெரியப்பாவிடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அம்மா வேலைக்குப் போனாள். அப்பா கால் சரியான பிறகும் போனாள். நான் கல்லூரி முடிக்கும்வரை போனாள். என் கல்யாணத்துக்கு வந்த அந்த அக்கா, சாப்பாட்டுப் பந்தியில் சாதாரணமாகச் சொன்னார்: “உங்கம்மா மாரி சூளை அடுக்க ஆம்பளைங்களாலயே முடியாது. அன்னிக்கு டிவியில முழுக்க அவங்கதான். ஆம்பள சட்டைய மேல போட்டுக்கினு, தோள்ல பொம்மை அடுக்குன பலகையோட, சூளைக்குள்ள போறதும் வர்றதும். கண்ணு எழுதுற எங்களையெல்லாம் ஒரு நிமிஷம்தான் காட்டுனான்.”

நான் இலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. எல்லோரும் உள்ளே போன பிறகு தரையில் கிடந்த மண்கட்டியை நான் எடுத்தேன். நான் வைத்தது கடுகளவு. இது புளியங்கொட்டை அளவு இருந்தது. நான் சுண்டுவிரல் நுனியால் அப்பினேன். இதில் ஒரு கட்டைவிரல் ரேகை அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதன் மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது. காய்ந்தால் மண் சுருங்கும் என்று எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மண் மட்டும் எப்படி வளர்ந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பா மேல் இருந்த கோபத்தில் அதைத் தூக்கித் தெருவில் எறிந்தேன்.