கதவை மெதுவாகச் சாத்தவும்

என் காரின் டாஷ்போர்டில், இடது பக்கம் உட்காருபவரின் கண்ணுக்கு நேராக, போன மாதம்வரை ஒரு நோட்டீஸ் இருந்தது. பள்ளி நோட்டு அட்டையை வெட்டி, பச்சை மையில் என் மகள் எழுதியது: 'கதவை மெதுவாகச் சாத்தவும்.' எனக்கு எழுத வராது. சொன்னது நான், எழுதியது அவள். இருபது வருஷத்து வெயிலில் எழுத்து வெளுத்துவிட்டது, பசை விடவில்லை. அந்தக் காரில் வேறெதுவும் அப்படிப் பிடித்து நின்றதில்லை.

டிக்கி தனியாக நீண்டிருக்காத குட்டிக் கார். பின் கதவை மேலே தூக்கினால் இரண்டு அரிசி மூட்டை வைக்கலாம். இப்போது தூக்கிய கதவு நிற்காது, துடைப்பக் கட்டையால் முட்டுக்கொடுக்க வேண்டும். ஏர்கோன் போட்டால் மேம்பாலம் ஏறாது. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதற்குள் சூடேறி, சாலையோரம் நிறுத்தி தண்ணீர் ஊற்ற வேண்டும். "அப்பா, இத இரும்புக்குப் போட்டுட்டு ரயில்ல வாங்கப்பா" என்று மகன் ஒவ்வொரு முறையும் சொல்வான். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று போகிறது. ஒரு தடவை ஹாரனைச் சரி செய்யக் கொண்டுபோனேன், திரும்பும்போது வைப்பர் நின்றுவிட்டது. மழை வேறு. அதைச் சொன்னால் பெரிய கதை. எல்லாவற்றையும்விட எரிச்சல் அந்த இடது கதவுதான். மெதுவாகச் சாத்தினால் பிடிக்காது. ஓங்கி அடித்தால்தான் பிடிக்கும்.

அந்தக் கதவை ஓங்கி அடிக்க ஒரு ஆள் இருந்தார். பக்கத்து ஊரான மேருவில் நான் வேலை செய்த நாற்காலித் தொழிற்சாலையின் சூப்பர்வைசர். கார் புதிதாக வந்தபோது, எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துத் தாமானில்தான் இருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவர். தினமும் காலையில் சந்து முனையில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்பார், நான் ஏற்றிக்கொள்வேன். ஏறினதும் டமார்! சாமி படம் ஆடும், என் நெஞ்சும் ஆடும். "மெதுவாண்ணே, காரு ஒடஞ்சிடப் போவுது" என்பேன். "லோரியில ஏறி எறங்குன கைடா தம்பி. சாத்துன சத்தம் கேட்டாத்தான் எனக்கு மனசு நிக்கும்" என்பார். வாலிபத்தில் லோரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்கியவர். காரைத் துடைப்பதற்கென்றே தனித் துணி வைத்திருந்தவன் நான். இந்தப் பேச்சு என் காதில் ஏறுமா?

ஒரு மழைக் காலையில் அவர் அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி கதவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. மேரு போய்ச் சேரும்வரை அவர் பாதி நனைந்தார். எனக்கோ கண்ணாடிதான் கவலை. அன்று சாயங்காலமே நோட்டீஸ் ஒட்டினேன். மறுநாள் அவர் அதை இரண்டு தடவை படித்தார்.  தொழிற்சாலை வாசலில் இறங்கி, "வரேன் தம்பி" என்று இரண்டு விரலால் கதவைத் தள்ளினார். புதுக் கார், பூட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அவர் பஸ்ஸில்தான் வந்தார். கண்டீனில் பையன்கள், "சூப்பர்வைசருக்கே நோட்டீஸ் ஒட்டிட்டாரு லா" என்று சிரித்தார்கள். சிரிக்காத ஒருவர், அவரோடு அந்தக் காலத்தில் லோரியில் போனவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு தடவை லோரிக் கதவு சரியாகச் சாத்தாமல், சூப்பர்வைசரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி வளைவில் வெளியே விழுந்து செத்துப்போனாராம்.

அதைக் கேட்டும் நான் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். அவர் வேலையை விட்டு, பந்திங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார். நோட்டீஸைக் கிழிக்கவும் கை வரவில்லை.

போன மாதம் அந்த மகள் போன் பண்ணினாள். "அங்கிள், அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எடது கை விழுந்திருச்சு. கிள்ளான் கடைத்தெருவப் பாக்கணுமாம். என் காரு வேணாமாம். அந்தக் குட்டிக் காரு இன்னும் ஓடுதான்னு கேக்கறாரு."

"ஓடுதும்மா, வரேன்" என்றேன். மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பழைய காரை வெட்டி விற்கிற கடையிலிருந்து வேறு பூட்டு வாங்கி மாட்டினார்கள். பிடிக்கவில்லை. கீலைத் தூக்கிப் பார்த்தார்கள், ரப்பரை மாற்றினார்கள். கதவு என்னைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி இருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே கை துடைத்துக்கொண்டே மலாயில், "ஹெம்பாஸ் சாஜா லா, அங்கிள்" என்றார். ஓங்கி அடி, வேறு வழியில்லை என்கிறார். என்னிடம்! வீட்டுக்கு வந்து கத்தியால் நோட்டீஸைச் சுரண்டி எடுத்தேன். அட்டை வந்தது, பசைத் தடம் சதுரமாக நின்றுவிட்டது.

பந்திங்கில் அவரை நானும் அவர் மகளுமாகத் தூக்கி உட்கார வைத்தோம். ஆள் பாதியாகியிருந்தார். பெல்ட் போட்டுவிட்டேன். அவர் கண் நேரே டாஷ்போர்டுக்குத்தான் போனது. "எங்கடா நோட்டீஸு?" வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் வார்த்தை வழுக்கி வந்தது.  அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவை ஓங்கி அடிக்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. இரண்டு உள்ளங்கையையும் வைத்து மெதுவாக அழுத்தினேன். பாதி பிடித்தது. போதும் என்று நினைத்தேன், முட்டாள்.

முதல் சிக்னலில் வலது பக்கம் திரும்பும்போது கதவு ஆவென்று திறந்துகொண்டது. அவருடைய நல்ல கை என் சட்டையைப் பிடித்தது. பொத்தான் தெறித்தது. பெல்ட் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பிடி! அவர் எந்த லோரியில் உட்கார்ந்திருந்தார் அப்போது என்று எனக்குத் தெரியும்.

"இருங்கண்ணே, இருங்க" என்று ஓரமாக நிறுத்தி இறங்கினேன். பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. சுற்றி வந்து, கதவை அகலமாகத் திறந்து, எனக்கிருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். டமார்! சாமி படம் கழன்று கீழே விழுந்தது.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது, அவர் அந்தப் பசைத் தடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"மெதுவாடா தம்பி. காரு ஒடஞ்சிடப் போவுது."